இருளின் நிறம்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா 1832 இல் அரபு மக்களிடையே பயணம் செய்துவிட்டு, அவர்களுடைய இரவு முகாமை 1863 இல் வரைந்தார் என்று படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து வரைந்த படத்தில் உண்மை எவ்வளவு இருக்கும்? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரவில் ஆடப்படும் ரதி–மன்மதன் கதையான காமன் கூத்தை நான் வரைந்தால், கறுப்பு வர்ணம் படம் முழுவதையும் மங்கச் செய்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஓவியம் பயிலும் மாணவி, ஹட்டன்.

பதில்: மொரோக்கோ சுல்தான் அப்துர் ரஹ்மானைக் காணச் சென்ற பிரெஞ்சுத் தூதுக்குழுவுடன் டெலாக்ருவா டான்ஜியரிலிருந்து மெக்னெஸ் வரை குதிரையில் போனார், வழியில் இரவுகள் கூடாரங்களில் கழிந்தன. ஆறுதலாக அமர்ந்து வர்ணம் தீட்ட அவகாசமில்லாததால், கண்டவற்றைக் கோடுகளாக வரைந்து, எங்கே என்ன நிறம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். ஆயினும், சில்லறை விவரங்கள் மறந்து, மனத்தைத் தொட்டவை மட்டும் எஞ்சிய பிறகே அப்பயணத்திலிருந்து தேறத்தக்க படங்கள் தமக்கு வாய்த்தன என்று 1853 இல் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே அந்த முப்பத்தொரு ஆண்டுகளை நான் குறையாகக் கருதவில்லை. அவர் மறைந்த ஆண்டில் வரைந்த அந்த ஓவியம் இப்போது புடாபெஸ்ட் நுண்கலை நூதனசாலையில் இருக்கிறது. அவருடைய 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஓவியம் பெற்ற புகழ் இதற்கு இல்லாவிட்டாலும், என் மனத்துக்கு நெருக்கமானது தீயைச் சுற்றி மனிதர்கள் கூடியிருக்கும் இந்தச் சிறிய படமே.

இனி உங்கள் கறுப்பு வர்ணத்துக்கு வருவோம். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதை நன்கு அறிந்திருந்த டெலாக்ருவா, நிழலிலும் நிறத்தைத் தேடியவர். தீயின் செம்மஞ்சளுக்கு எதிரே நிற்பது நீலம். கடும் நீலத்துடன் செம்பழுப்பைக் கலந்து பாருங்கள். குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பில் கிடைக்காத ஆழம் அந்த இருளில் கிடைக்கும். தீப்பந்தத்துக்கு அருகே இருள் சற்றுப் பழுப்பாகவும், தேயிலைச் செடிகளின் பக்கம் போகப்போக நீலமாகவும் மாறட்டும்.

மாசியில் கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்குப் போகும்போது பென்சிலும் குறிப்பேடும் போதும். பந்த வெளிச்சம் ரதியின் முகத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, மன்மதனின் வில்லில் எதுவரை எட்டுகிறது, லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) சுவரில் யாருடைய நிழல் நீள்கிறது என்பவற்றைச் சொற்களாகவே எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். அதில் இருட்டு பெரும்பாலும் வெறும் கறுப்பாகவே பதிந்திருக்கும். ஒரு மாதம் பொறுத்து, குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுத் தூரிகையை எடுங்கள்.