அறிவியலையும் வாசிப்பையும் ஏன் ஒரே பாடமாகச் சேர்க்கிறார்கள்?

அறிவியல் வகுப்பில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். இணைந்த பாடத்திட்டம் என்றால், குழந்தை மண்ணைத் தொட்டுப் பார்ப்பதும் அதைப் பற்றிப் பேசுவதும் படிப்பதும் பார்த்ததை எழுதுவதும் ஒரே தேடலின் பகுதிகளாக இருப்பது. அவ்வளவுதான்.

காரணம்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் மட்டும் பொருள் புரிந்துவிடாது, விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிப்பவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இதை ஒவ்வொரு ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

ரேடியோவில் வர்ணனை கேட்பது மாதிரிதான் இதுவும். விளையாடிப் பழகியவருக்கு மைதானமே கண்முன் விரியும், மற்றவருக்கு வெறும் சத்தம். தண்ணீர் வற்றுவதை நாலு நாள் அளந்து பார்த்த குழந்தைக்கு ‘ஆவியாதல்’ என்பது மனப்பாடச் சொல்லாக இருக்காது, தான் பார்த்த ஒன்றின் பெயராக இருக்கும்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள லாரன்ஸ் அறிவியல் கூடத்தில் அறிவியல் கல்வியாளர்களும் வாசிப்பு ஆய்வாளர்களும் சேர்ந்து, செய், பேசு, படி, எழுது என்ற முறையில் பாடங்களை உருவாக்கினார்கள்.

அப்புறம், சோதனையைக் குறைத்துவிட்டு அறிவியல் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வைப்பதுதான் இது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை, சோதனை அப்படியே நடக்கும், புத்தகம் அதற்குத் துணையாக வரும்.