பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீன் 14 ஆண்டுகள் ஏன் திரைப்படமே எடுக்கவில்லை?

1970இல் வந்த அவரது 'ரையன்ஸ் டாட்டர்' படம் வாங்கிய அடிதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. நியூயார்க்கின் அல்கான்குவின் ஹோட்டலில் விமர்சகர்கள் அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இயக்கத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கிய மனிதர் சுருண்டுபோனார். ஆனால் சும்மா இருக்கவில்லை: பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் மாலுமிகள் செய்த கலகத்தைப் படமாக்கப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார், கடைசியில் அது வேறொருவர் கைக்குப் போனது.

சினிமாவே பாவம் என்று கருதிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் 1908இல் பிறந்தவர். ஸ்டுடியோ எடுபிடியாகத் தொடங்கி, படத்தொகுப்பாளராகித்தான் இயக்குநரானார். காட்சிகளைக் கச்சிதமாகக் கோத்தவருக்கு இல்லறம் மட்டும் கோவைப்படவில்லை. ஆறு திருமணங்கள்! நான்காம் மனைவி லீலா மட்கர் இந்தியர். 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' எடுத்துத் திரும்பியபோது, 76 வயதில் படத்தொகுப்பையும் தானே செய்தார்.