அலைன்மென்ட் செய்தும் டயர் ஒரு பக்கம் தேய்கிறதா? முதலில் ஆட்டத்தைத் தேடுங்கள்

ஆறு மாதத்தில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் முன் இடது டயரின் உள்பக்கம் தேய்ந்துகொண்டே போகிறது, மூன்றாவது முறையும் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

அலைன்மென்ட் இயந்திரம் அளப்பது, வண்டி சும்மா நிற்கும்போது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதை. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர் மூட்டு, கிழிந்திருந்தாலோ பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் திரும்பவிடும் உருண்டை மூட்டு) தளர்ந்திருந்தாலோ, நிற்கும்போது ஒழுங்காக இருக்கும் சக்கரம் பிரேக் மிதித்ததும் வேறு பக்கம் திரும்பிவிடும். திரையில் எல்லா எண்ணும் பச்சையாக இருக்கும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயரில் பூ (மேல் வரிப்பள்ளம்) நன்றாகவே இருந்தது. ஒருநாள் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து நிறுத்திவிட்டு உள் ஓரத்தில் கையை வைத்தேன். ஊசி மாதிரி ஏதோ குத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் போய் உள்ளேயிருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே டயரோடு முந்தின வாரம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய் வந்திருந்தேன். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் டயரைப் படியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பிடிக்கக்கூடாது.

ஒரே ஓரம் தேய்ந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்பது) அல்லது கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்பது). இரண்டில் எது என்பதைக் கை சொல்லும். டயரின் மேல் குறுக்காக உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால் பெரும்பாலும் டோ. ஓரம் சரிவாகத் தேய்ந்து, தடவும்போது இரு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். டோவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 8.7 மீட்டர் அது பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. டயர் எப்படித் தாங்கும்?

சுற்றளவு முழுக்க மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம், அல்லது வீல் பேலன்ஸ் போயிருக்கலாம். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்க்கிற பழைய சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாதி ஓய்ந்த ஷாக் அதில் தப்பித்துவிடும்.

அப்புறம் ஆட்டம், அதாவது மூட்டுகளில் இருக்கும் தளர்வு. இதுதான் முக்கியம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து, மேல்பக்கத்தைத் தள்ளும்போது கீழ்ப்பக்கத்தை இழுத்து, மாற்றி மாற்றி ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை), அல்லது அந்தக் கம்பி ஸ்டியரிங் ராக்கில் சேரும் உள் ஜாயின்ட். ஒரு கையை அந்த ஜாயின்ட் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

ஒரு நுணுக்கம்: சுருள்வில் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூணின்) மேல் இருக்கிற வண்டிகளில் சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம். வில் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால் ஆர்முக்கு அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லின் அழுத்தம் பால் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

என் வண்டியில் இந்தச் சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. பழுது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கருப்பு ரப்பர், லேசான வெடிப்பு, அவ்வளவுதான். மெக்கானிக் ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (ஆர்ம் பொருத்தப்பட்டிருக்கும் அடிச்சட்டம்) நடுவே ஒரு கடப்பாரைத் துண்டைக் கொடுத்து நெம்பியபோது ரப்பர் வாயைப் பிளந்தது, ஆர்ம் அரை விரல் அகலம் பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் அப்படித்தான் பின்னுக்குப் போய் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. என்னிடம் இருந்த இரண்டு அலைன்மென்ட் தாள்களிலும் இது பதிவாகவே இல்லை. உங்களுக்கும் உள் ஓரம்தான் தேய்கிறது என்பதால் முதலில் இந்தப் புஷ்ஷைத்தான் நெம்பிப் பார்க்கச் சொல்வேன். வெறுமனே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

புஷ் மாற்றும்போது கூடவே நின்று ஒன்றைக் கவனியுங்கள். அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுவதும் இறுக்கக்கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அதைத் தனியாகப் பாருங்கள். முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டதும் இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயர்களை இப்படி மாற்றக்கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பள்ளங்களில் ‘கடகட’ சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்காக (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு) இருக்கலாம். எரிச்சல்தான், ஆனால் டயர் தேய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்களிடம் இருக்கும் இரண்டு அலைன்மென்ட் தாள்களையும் எடுத்து, முன் சக்கரங்களின் கேம்பர் எண்களை மட்டும் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பல சின்ன கார்களில் முன் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வசதியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ஸ்ட்ரட்டோ நக்கிளோ (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பாகம்) வளைந்திருக்கும், சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கும், அல்லது வில் தளர்ந்து அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இருபுறமும் டேப் பிடித்து அளந்தால் வில் தளர்ந்திருக்கிறதா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த எண்களையும் கேம்பர் எண்களையும் இங்கேயே எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை அந்த டயரில் கம்பி தெரிகிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தெரிந்தால் ஸ்டெப்னியை மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.