நேர்காணல் பிரசன்டேஷனை எதிரில் இருப்பவருக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரை எடுத்து, சரக்கு போகும்வரை பின்தொடர்பவர்) வேலை, 10 நிமிட பிரசன்டேஷன், முதலாளியும் புரொடக்‌ஷன் மேனேஜரும் கேட்பார்கள், யாரை மனதில் வைத்துத் தயாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் முதலாளியை. தையல் மெஷினிலும் கட்டிங் டேபிளிலும் தொழில் கற்று மேலே வந்தவர்கள் அந்த ஊரில் நிறைய. அப்படிப்பட்டவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்விதான்: பீஸுக்கு என்ன லாபம் நிற்கும், சரக்கு என்றைக்குக் கப்பல் ஏறும்? அதனால் சுயபுராணத்தை விட்டுவிட்டு, ஒரு மாதிரி ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங், நூல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று போடுங்கள். கப்பலில் போக வேண்டியது லேட்டாகி விமானத்தில் போனால் லாபம் அதோடு சரி என்பது உங்களுக்குத் தெரியும் என்று அந்த ஒரு ஸ்லைடே காட்டிவிடும்.

"சாயம் லேட்டானா?" என்று நிச்சயம் கேட்பார். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்திருங்கள்.

மேனேஜருக்கு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), ஷ்ரிங்கேஜ் (துணி எவ்வளவு சுருங்கும்), ரிஜெக்‌ஷன் (குறையால் கழியும் பீஸ்கள்) பற்றி ஒரு ஸ்லைடு போதும்.

முதலாளி இடத்தில், வெளியூரில் எம்பிஏ படித்துத் திரும்பிய அவர் மகனோ மகளோ உட்கார்ந்தால் கதை வேறு. பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்), சந்தை, கிராஃப் எல்லாம் அங்கே எடுபடும். யார் வருகிறார்கள் என்று ஹெச்ஆரிடம் முன்னாடியே கேளுங்கள், தப்பில்லை. அப்புறம், முதல் ஸ்லைடை ஒரு தாளில் அச்சடித்தும் கொண்டுபோங்கள். சிலர் திரையைப் பார்க்கவே மாட்டார்கள்.