கிம்பில் கீறிய மைன்கிராஃப்ட் ஸ்கின் ஏன் கலங்கித் தெரிகிறது?

தம்பி, மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் ஆளுக்கு கிம்பில் வேட்டி சால்வை கீறி ஏற்றினால் எல்லாம் கலங்கித் தெரிகிறது, போட்டோஷொப் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படம் கீறும் மென்பொருளான கிம்ப் இலவசம், ஒருதரம் இறக்கிவிட்டால் பிறகு டேட்டாவும் செலவில்லை. புதுக்குடியிருப்பில் இருந்து பழைய லப்டொப்பில் நான் அதில்தான் கீறுகிறேன்.

கலங்குவது பிரஷ்ஷால். பிரஷ் ஓரத்தை மெழுகிவிடும். ஸ்கின், அதாவது ஆளின் மேல் போர்த்தும் படம், முழுக்கவே 64க்கு 64 புள்ளிதான் (பிக்சல்), முகத்துக்கு 8க்கு 8, அதில் ஓரம் மெழுகினால் கண்ணும் மூக்கும் எங்கே மிஞ்சும்? பென்சிலை எடுத்து அளவை 1 ஆக்குங்கள், அழிப்பானிலும் ஹார்ட் எட்ஜைப் போடுங்கள். சிறிதாகத் தெரிகிறதென்று படத்தின் அளவைக் கூட்டவே கூடாது, சூமை மட்டும் கூட்டுங்கள்.

இனி வேட்டி. இதுதான் எனக்குப் பிடித்த இடம். ஸ்கின் என்பது பெட்டியைப் பிரித்து விரித்த மாதிரி, ஒரு காலின் நாலு பக்கமும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அதனால் கரையை நாலு தரம் கீறத் தேவையில்லை. மேல் இடது மூலையை 0 என்று வைத்தால் வலது கால் மேலிருந்து 20ஆம் வரி முதல் 31 வரை, இடது கால் 52 முதல் 63 வரை. 30ஆம் வரியில் இடமிருந்து 0 தொடங்கி 15 வரை ஒரே கோடு, 62ஆம் வரியில் 16 தொடங்கி 31 வரை இன்னொரு கோடு, அவ்வளவுதான், கரை இரண்டு காலையும் சுற்றி வந்துவிடும். கடைசி வரியைத் தோல் நிறத்தில் விடுங்கள், பாதம் தெரியட்டும். (கிம்பில் கீழே இடது மூலையில் எண்கள் ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே கீறலாம்.) வேட்டியை வெறும் வெள்ளையாக விட்டால் சுவர் மாதிரி இருக்கும். மடிப்பு விழுகிற இடத்தில் மங்கலான சாம்பலில் ஒரு நெட்டுக்கோடு போட்டாலே துணியாகிவிடும்.

சால்வையை உடம்பிலேயே கீறாமல், அதே படத்தில் உடம்புக்கு மேல் போர்த்த என்று தனியாக இருக்கும் இரண்டாவது அடுக்கில் கீறுங்கள், அதன் முன்பக்கம் இடமிருந்து 20, மேலிருந்து 36இல் தொடங்கும், விளையாட்டில் சற்றுத் தூக்கலாக நிற்கும். அந்த அடுக்கில் மிச்ச இடம் நிறமே இல்லாமல் வெறுமையாக இருக்கலாம், ஆனால் அடி உடம்பில் ஒரு புள்ளிகூட வெறுமையாக விடாதீர்கள்.

சேமிக்கும்போது எக்ஸ்போர்ட் கொடுத்து பிஎன்ஜி ஆக்குங்கள், ஜேபிஜி வேண்டவே வேண்டாம். கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக இல்லாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் வட்ஸ்அப் அதை நசித்துவிடும், உங்கள் கரை அங்கே அழுக்காகத்தான் போய்ச் சேரும். ஏற்றும்போது கை 4 புள்ளி அகலமென்றால் கிளாசிக், 3 என்றால் ஸ்லிம், மாற்றிக் கொடுத்தால் கையில் கோடுகள் விழும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் கூட்டாளிகள் எல்லோருக்கும் செய்யப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள், நல்ல விசயம். வேட்டியைத் திரும்பக் கீற வேண்டாம், அந்த இரண்டு கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றி வேறு வேறு பெயரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஆளுக்கொரு கரை கிடைத்துவிடும்.