ரீசைக்கிள்ட் பாலியஸ்டர் ஜெர்சி கிழியுமா, சாயம் போகுமா?

கேள்வி: டீம் ஜெர்சி தைச்சு குடுக்குறேன். துணி சப்ளையர் இந்த தடவ ரீசைக்கிள்ட் பாலியஸ்டர் எடுங்கன்றார். பழைய பாட்டில்ல பண்ண நூல் சீக்கிரம் நைஞ்சு போயிடாதா? வேர்வைய உறிஞ்சுமா? நம்பி வாங்கலாமா?

பதில்: நைஞ்சு போயிடுமோங்கற பயம்தான் எல்லாருக்கும் முதல்ல வரும், ஆனா ஜெர்சி விஷயத்துல அது கடைசியா கவலைப்பட வேண்டியது. பாலியஸ்டரை ஒவ்வொரு தடவ உருக்கும்போதும் அதோட மூலக்கூறு சங்கிலி கொஞ்சம் அறுந்து குட்டையாகும், அது உண்மைதான், ஆனா பாட்டில் பிளாஸ்டிக்ல அந்த சங்கிலி நூலுக்கு தேவையானதை விட நீளமாவே இருக்கும். லேப்ல இந்த சங்கிலி நீளத்த காட்ட ஐவின்னு ஒரு அளவு சொல்லுவாங்க, பாட்டிலுக்கு சுமார் 0.75, 0.80, துணி நூலுக்கு 0.62 பக்கம் இருந்தாலே போதும், அதனால கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும். ஆலையில அரைச்ச பாட்டில் சில்லை நல்லா காய வைக்காம உருக்கினா கதை வேற, ஈரம் 50 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 50 பங்கு) கீழ இருக்கணும், இல்லன்னா 280 டிகிரி சூட்டுல அந்த ஈரமே சங்கிலிய வெட்டித் தள்ளிடும். பிவிசிங்கற வேற பிளாஸ்டிக் துண்டு ஏதாவது கலந்துட்டா இன்னும் மோசம், கருப்பு புள்ளி வரும், நூல் அடிக்கடி அறும்.

உங்களுக்கு தலைவலி குடுக்கப் போறது ஷேடு. ரீசைக்கிள்ட் நூல்ல லேசா ஒரு மஞ்சள் ஓட்டம் இருக்கும், நேவி புளூல தெரியாது, சுத்த வெள்ளையிலயும் பேபி பிங்க் மாதிரி கலர்லயும் தெரியும். அது போக பாட்டில் பிளாஸ்டிக்ல ஐசோதாலிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்திருப்பாங்க, அதனால சாயம் கொஞ்சம் சுலபமா உள்ள இறங்கும், புது நூல் கோனும் இதுவும் ஒரே நிட்டிங் மெஷின்ல ஏறிட்டா ஒண்ணு அடர்த்தியா ஒண்ணு வெளிறிப் போய் நிக்கும். ஒரு தடவ என் டேபிள்ல விரிச்சப்ப பளிச்சுன்னு இருந்த நேவி துணிய ஜன்னல் பக்கம் சாய்ச்சு பிடிச்சேன், குறுக்க குறுக்க மெல்லிசா கோடு கோடா ஓடுது, கோன் லேபிளை பாத்தா ரெண்டு லாட், அதாவது வேற வேற தடவ தயாரிச்ச நூல். நீங்களும் இப்படி சாய்ச்சு பாத்துட்டுதான் கத்திரி வைக்கணும், வெட்டின துணிய எவனும் திருப்பி எடுக்க மாட்டான்.

வேர்வைய பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான். புதுசோ பழசோ, பாலியஸ்டர் உள்ள வாங்கற ஈரம் சுமார் 0.4 சதவீதம், காட்டன் 8 சதவீதத்துக்கு பக்கம். சட்டுனு காயுற அந்த குணம் இழையோட வடிவத்துலயும் மேல போடுற பினிஷ்லயும்தான் இருக்கு, பினிஷ் துவைக்க துவைக்க போகும், அதனால சாம்பிள 20 தடவ துவைச்சுட்டு ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, பரவாம முத்து மாதிரி நின்னா வேண்டாம். பில்லிங், அதாவது துணி மேல குட்டி குட்டி உருண்டை, வருமான்னு கேட்டா அது ஸ்பன் நூலா (துண்டு இழைய முறுக்கினது) பிலமென்ட்டாங்கறத (நீள இழை) பொறுத்தது, ஜெர்சிக்கு பிலமென்ட்டே எடுங்க. சாயம் போறது டையிங் முடிச்சு ஒழுங்கா அலசினாங்களாங்கறதுல இருக்கு, ஈர வெள்ளைத் துணியால நல்லா தேய்ச்சு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

நம்பி வாங்கலாமான்னா, பேப்பர் இருந்தா வாங்கலாம். துணிய தொட்டு பாத்து ரீசைக்கிள்ட்டா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது (சொல்றவன் அடிச்சு விடுறான்). ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்று இருக்குன்னு சுவத்துல மாட்டின காகிதத்த காட்டுவாங்க, அது ஆலைக்கானது, உங்க சரக்குக்குன்னு தனியா டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் கேளுங்க. ஜிஆர்எஸ்-ல 20 சதவீதம் கலந்தாலே சான்று வாங்கலாம், லோகோ போட 50 சதவீதமாவது இருக்கணும், அதனால எத்தனை சதவீதம்னு பில்லுல எழுதி வாங்கிடுங்க.

அப்புறம் ஒண்ணு, டீம் ஆர்டர்னா ஆறு மாசம் கழிச்சு "அண்ணே இன்னும் மூணு ஜெர்சி"ன்னு கண்டிப்பா வருவாங்க, அதே லாட் அப்ப கிடைக்காது, ஒரு நாலஞ்சு மீட்டர் லாட் நம்பர் எழுதி எடுத்து வச்சுக்குங்க.