மனைவியின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: நான் பிரெஞ்சுப் பிரஜை, பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பிரெஞ்சு வதிவிட அட்டையும் உண்டு. இத்தாலி, ஜெர்மனி எல்லாம் போய் வந்திருக்கிறோம். டப்ளினில் என் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது மட்டும் அயர்லாந்து விசா இல்லை என்று மனைவியை விமானத்தில் ஏற்றவில்லை. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையில்லாமல் பேசினாள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது ஒரு வவுச்சர் தருவதாகச் சொல்கிறார்கள். ஐரோப்பியப் பிரஜையின் மனைவியை இப்படி நிறுத்தலாமா? வழக்குப் போடப் போகிறேன்.

பதில்: போடாதீர்கள். அந்தப் பெண் பேசிய விதமும் தவறிப்போன கல்யாணமும் வழக்குக்கு உதவாது. மனைவியின் அட்டை எந்தச் சட்டத்தின் கீழ் கிடைத்தது என்பதுதான் கேள்வி. விசா இல்லாமல் போக வழிவிடுவது 2004/38 என்ற ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையின் கீழ் கொடுக்கிற அட்டை. புதிய அட்டைகளில் அந்த எண்ணே அச்சிட்டிருக்கும். தன் நாட்டை விட்டு வேறொரு ஒன்றிய நாட்டில் வாழ்கிற பிரஜையின் குடும்பத்துக்குத்தான் அது கிடைக்கும். நீங்கள் பிரெஞ்சுக்காரராகப் பிரான்ஸிலேயே இருக்கிறீர்கள், ஆகவே உங்கள் மனைவிக்குக் கிடைத்தது பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டத்தின்படியான அட்டை. அதை வைத்து ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, 180 நாளில் 90 நாள் போய்வரலாம். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. கதை அவ்வளவுதான்.

விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைக் காட்டி நட்டஈடு கேட்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பயணப் பத்திரம் போதாமல் நிறுத்தினால் அந்த விதி கை கொடுக்காது. வவுச்சரை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடியுங்கள்.

எனக்குப் பயம் இதற்கு அப்புறம் நடப்பதில்தான். விசா இல்லாமல் எல்லைக்கு வந்த குடும்பத்தவருக்கு, திருப்பி அனுப்பும் முன் உறவை நிரூபிக்க அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அந்த 2004/38 பணிப்புரையில் ஒரு வரி இருக்கிறது. உண்மைதான், ஆனால் அது எல்லையில் நிற்கிற அரச அதிகாரிக்கு, பாரிஸ் கவுண்டரில் இருப்பவருக்கு இல்லை. விசா இல்லாதவரை ஏற்றிப்போனால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும், அதனால் நீங்கள் சட்டப் புத்தகத்தையே விரித்தாலும் ஏற்ற மாட்டார்கள். இன்னும் சிலர் டப்ளினில் இறங்கியதும் பெல்ஃபாஸ்ட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் போய்விடுகிறார்கள், வழியில் யாரும் மறிப்பதில்லை என்று. மறிக்காவிட்டாலும் பெல்ஃபாஸ்ட் இருக்கிற வட அயர்லாந்து பிரிட்டனின் கீழ் வருவது. அங்கே போக மனைவிக்குப் பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லாவற்றிலும் மோசம், ஒரு நாடு விசா மறுத்ததை அடுத்த விண்ணப்பத்தில் மறைப்பது. பிரிட்டனில் அதை ஏமாற்று என்று எடுத்தால் 10 வருடத் தடை வரலாம். அதற்கு முன்னால் ஒரு ரிக்கெற் காசு ஒன்றுமே இல்லை. அட்டைக்காக பெல்ஜியத்தில் பெயருக்கு ஒரு முகவரி பதிகிற யோசனையோடும் என்னிடம் வராதீர்கள். உண்மையில் அங்கே வாழாவிட்டால் அது மோசடி.

அடுத்த முறை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்தால், பிரஜையின் குடும்பத்தவர் என்றே அயர்லாந்து விசாவுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, சீக்கிரம் முடிவு சொல்லவும் வேண்டும். கல்யாணப் பதிவுப் பத்திரமும் உங்கள் கடவுச்சீட்டுப் பிரதியும் வையுங்கள். மனைவி தனியாகப் போய், நீங்கள் அங்கே போகாமலே இருந்தால் இந்த வழி இல்லை, காசு கட்டிச் சாதாரண விசாதான்.